கரிசலும் டெக்சாஸ் கறுப்பு மண்ணும்: ஓடும் நீரை நடக்க வைப்போம்



கோயிலில் கும்பாபிஷேகமோ பெரிய உற்சவமோ தொடங்கும்போது நடக்கும் ஒரு சிறிய சடங்கை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். அதற்கு மிருத்சங்கிரஹணம் என்று பெயர். 'மிருத்' என்றால் மண். 'சங்கிரஹணம்' என்றால் சேகரித்தல். பூமிதேவியை வணங்கி, தூய்மையான இடத்திலிருந்து மண் எடுத்து வந்து, பாலிகைகளில் நிரப்பி, அதில் நவதானியங்களை விதைத்து முளைக்க விடுவார்கள். அந்த முளைப்பாலிகைச் சடங்கே அங்குரார்ப்பணம். ஹோமத்திற்கும் அலங்காரத்திற்கும் முன்னால், ஒரு பிடி நல்ல மண் வேண்டும் என்று நம் பெரியவர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ஒரு பிடி மண்ணைப் பற்றியதுதான் இந்த இதழின் பாடம். மண் அரிப்பு என்றால் என்ன, அது ஏன் நடக்கிறது, அதைத் தடுக்க டெக்சாஸிலும் தமிழ்நாட்டிலும் என்ன செய்திருக்கிறார்கள், நாம் என்ன செய்யலாம் என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம். 'நாம் மென்பொருள் எழுதுகிறோம், மருத்துவமனையில் வேலை செய்கிறோம், நமக்கு எதற்கு உழவுப் பாடம்?' என்று சிலர் கேட்கலாம். நம்மில் சிலர் ஊருக்கு வெளியே பத்து ஏக்கர், பதினைந்து ஏக்கர் என்று நிலம் வாங்கியிருக்கிறோம். அதைவிடப் பலருடைய பெயரில் ஊரில் பூர்வீக நிலம் இருக்கிறது. பட்டா நம் பெயரில். நாமோ பத்தாயிரம் மைலுக்கு அப்பால். ஆகவே இது நம்முடைய பாடம்தான்.

இரண்டு ஊர், ஒரே மண்

ஆஸ்டினிலிருந்து டல்லாஸுக்கு ஐ-35 நெடுஞ்சாலையில் போகும்போது பாதி வழிக்கு முன்பே 'டெம்பிள்' என்று ஓர் ஊர் வரும். நம் குழந்தைகள் பெயர்ப்பலகையைப் பார்த்து, "இங்கே கோயில் இருக்கிறதா?" என்று கேட்பது வழக்கம். அந்தப் பெயருக்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்லை. 1881-இல் இரயில் பாதை போட்டபோது உருவான ஊர் அது. இரயில்வே பொறியாளர் பெர்னார்ட் மூர் டெம்பிளின் பெயரை வைத்தார்கள். ஆனால் மண்ணைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு அது ஒரு திருத்தலம்தான். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

சான் அன்டோனியோவிலிருந்து வடக்கே ரெட் நதிப் பக்கம் வரை நீளும் இந்தப் பகுதிக்கு பிளாக்லேண்ட் பிரெய்ரி என்று பெயர். மழை பெய்தால் செருப்பில் அப்பிக்கொண்டு விடாது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். டெக்சாஸ் மாநிலத்தின் மண்ணாகக் கொண்டாடப்படும் 'ஹூஸ்டன் பிளாக்' என்ற வகை இங்கே சுமார் 15 லட்சம் ஏக்கரில் பரந்து கிடக்கிறது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்து மக்களுக்கு இந்த வர்ணனை புதிதல்ல. அது அப்படியே நம் கரிசல். மண்ணியலாளர்கள் இரண்டையும் 'வெர்டிசால்' என்ற ஒரே பெரும் பிரிவில் சேர்க்கிறார்கள். நனைந்தால் வீங்கி, காய்ந்தால் சுருங்கி, வெடிப்பின் வழியாக மேல்மண் கீழே விழுந்து, தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும் மண் என்பது அதன் பொருள். இரண்டு இடத்திலும் பருத்திதான் பேர் பெற்ற பயிர். அங்கே கருங்கண்ணிப் பருத்தி. இங்கே இரயில் வந்த பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. அங்கே கண்மாய்க் கரைகளில் பரவிய சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவினர் இங்குள்ள மெஸ்கீட் மரம். உறவு இவ்வளவு நெருக்கம் என்றால், நோயும் மருந்தும் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை.

தட்டை நிலத்தில் என்ன அரிப்பு?

எங்கள் குடும்பம் டெம்பிளுக்குக் கிழக்கே வாங்கிய பன்னிரண்டு ஏக்கர் நிலம் பார்வைக்குத் தட்டையாகத்தான் இருந்தது. முதல் ஆண்டு வெண்டை, கத்தரி, அவரை போட ஒரு பகுதியை உழுதோம். டிராக்டர் அடிக்கடி திரும்பாமல் நீளமாகப் போகட்டும் என்று, நிலத்தின் நீளவாக்கிலேயே உழவுசால் ஓட்டினோம். அந்த நீளவாக்குதான் நிலத்தின் சாய்வு என்பது எங்களுக்குத் தெரியாது. மே மாதம் ஒரு மாலையில் இரண்டு மணி நேரம் மழை கொட்டியது. காலையில் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு சாலும் ஒரு சிற்றோடையாக ஓடிக் காய்ந்திருந்தது. வெண்டைக் கன்றுகளில் பாதியைக் காணோம். கீழ்ப்பக்கத்து வேலியின் அடிக்கம்பி, மேலிருந்து வந்த மண்ணில் புதைந்து கிடந்தது. பக்கத்து நிலத்து முதிய விவசாயி வேலியருகே நின்று பார்த்துவிட்டு, "தண்ணீருக்கு நீங்களே ரோடு போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைக்காக நாங்கள் படித்ததெல்லாம் அன்றைக்குத் தொடங்கியது.

அன்று நடந்தது என்ன என்பதை இரண்டு படியாகப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, மழைத்துளியின் அடி. பெரிய மழைத்துளி மணிக்கு சுமார் 20 மைல் வேகத்தில் தரையை வந்து அடிக்கிறது. வெறும் மண்ணாக இருந்தால் துகள்கள் சிதறி இரண்டடி உயரம்கூடத் தெறிக்கும். நம் ஊர் வீட்டின் வெளிச்சுவரில் மழைக்காலத்தில் முழங்கால் உயரத்துக்கு மண் தெறித்திருக்குமே, அதுதான். தெறித்த நுண்மண் மேற்பரப்பின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் நீர் உள்ளே இறங்காது.

இரண்டாவது, ஓடும் நீரின் இழுப்பு. கரிசலில் முதல் மழையை வெடிப்புகள் குடித்துவிடும். மண் வீங்கி வெடிப்பு மூடிக்கொண்ட பிறகு, அடுத்த மழை உள்ளே போக இடமில்லாமல் ஓடத் தொடங்கும். சாய்வு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று மிகக் குறைவாக இருந்தாலும், நீளம் அதிகமாக இருந்தால் நீர் வேகம் பிடித்துவிடும். நடக்கும் நீர் மண்ணுக்குள் இறங்கும். ஓடும் நீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகும். இந்தப் பாடத்தை ஒரு வரியில் சொல்ல வேண்டுமானால் இதுதான்.

இழப்பு ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதற்கு ஒரு சிறு கணக்கு. நம் பையில் இருக்கும் ஒரு டைம் நாணயத்தின் தடிமன் 1.35 மில்லிமீட்டர். ஒரு ஏக்கரில் அந்தத் தடிமனுக்கு மேல்மண் போனால் அதன் எடை ஏறக்குறைய ஏழு டன். ஆழமான நல்ல நிலத்துக்கே ஆண்டுக்கு ஏக்கருக்கு 5 டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை எல்லை வைத்திருக்கிறது. அதாவது ஒரு நாணயத்தின் தடிமன்கூட ஒரே ஆண்டில் போகக் கூடாது. ஓர் அங்குல மண் உருவாக இயற்கைக்குப் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும். போன மண்ணோடு உரமும், மட்கும், நீரைப் பிடித்து வைக்கும் சக்தியும் சேர்ந்து போகின்றன. பிளாக்லேண்ட் பகுதியில் மேட்டு முகடுகளில் ஆங்காங்கே வெளுத்த திட்டுகளைப் பார்க்கலாம். மேலே இருந்த கறுப்பு மண் போய், அடியில் உள்ள சுண்ணாம்புப் படிவம் தெரிகிறது. கரிசல் காட்டில் மேட்டு நிலங்களில் சுக்காங்கல் வெளியே தெரிவதும் இதே கதைதான்.

டெம்பிள் ஊரில் கற்ற பாடம்

வெள்ளையர் குடியேற்றத்துக்கு முன்பு பிளாக்லேண்ட் முழுவதும் ஆள் உயரப் புல்வெளியாக இருந்தது. அந்தப் புல்லின் வேர்தான் மண்ணைக் கட்டி வைத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இரயிலும் பருத்தியும் வந்தபின் புல்வெளி ஏர்முனைக்குள் போயிற்று. பழைய புல்வெளியில் இன்று நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை என்கிறார்கள்.

'நிலம் வற்றாத செல்வம்' என்றே அன்று எல்லோரும் நம்பினார்கள். இல்லை என்று உரக்கச் சொன்னவர் ஹியூ ஹம்மண்ட் பென்னட் என்ற மண்ணியலாளர். மண் அரிப்பு நாட்டுக்கே ஆபத்து என்று 1928-இல் அரசு வெளியீடாகவே எழுதினார். டெக்சாஸைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் புக்கானன் அதற்கு நிதி ஒதுக்க வழி செய்தார். 1,60,000 டாலர் ஒதுக்கீட்டில் நாடெங்கும் பத்து மண் அரிப்பு ஆராய்ச்சி நிலையங்கள் எழுந்தன. அவற்றில் இரண்டு டெக்சாஸில்: ஒன்று டைலரில், மற்றொன்று டெம்பிளில். அந்த ஊரை மண் படிப்பவர்களுக்குத் திருத்தலம் என்று சொன்னது இதனால்தான்.

பிறகு பஞ்சமும் புழுதியும் வந்தன. 1935 ஏப்ரல் 14 அன்று ஓக்லஹோமா, டெக்சாஸ் சமவெளிகளைப் பகலிலேயே இருளாக்கிய புழுதிப்புயலைக் 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் சொல்கிறார்கள். அதே மாதம் 27-ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. பென்னட் அந்தப் புதிய துறையின் தலைவரானார். 1994-இல் பெயர் மாற்றப்பட்ட அந்தத் துறையே இன்றைய இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை. 1937-இல் வேக்கோவுக்கு அருகே ரீசல் என்ற சிற்றூரில், கறுப்பு மண் நீர்ப்பிடிப்புகளில் ஓடும் நீரையும் போகும் மண்ணையும் அளக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. தலைமுறைகள் தாண்டியும் அந்த அளவீடு தொடர்ந்து நடந்து வருகிறது.

இத்தகைய நிலையங்களில் சேர்ந்த அளவீடுகளையெல்லாம் ஒன்றுதிரட்டி 1965-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். நிலத்திலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு மண் போகும் என்பதை அது கணிக்கிறது. கணிதம் நமக்கு வேண்டாம். அதில் பெருக்கப்படும் காரணங்களைத் தெரிந்துகொண்டால் போதும். எளிமைக்காக அவற்றை ஐந்து கேள்விகளாகச் சொல்லலாம்.

ஐந்து கேள்விகள்

1. மழை எவ்வளவு வேகம்? மத்திய டெக்சாஸில் ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு கொட்டும். கோவில்பட்டிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பங்கு மழை சில வாரங்களில் வந்துவிடும்.

2. மண் என்ன வகை? மணலா, களியா, மட்கு எவ்வளவு என்பதைப் பொறுத்து அது கரையும் குணம் மாறும்.

3. சாய்வு எவ்வளவு, அது எவ்வளவு நீளம்? நீளம் கூடக் கூட நீரின் வேகம் கூடும்.

4. மண்ணின் மேல் போர்வை இருக்கிறதா? புல், பயிர், சருகு, தட்டை எதுவாக இருந்தாலும் சரி.

5. நிலத்தை எப்படிக் கையாளுகிறோம்? சாய்வோடு உழுகிறோமா, குறுக்கே உழுகிறோமா?

முதலாவது வருணபகவான் கையில். இரண்டாவது பெரும்பாலும் பூமிதேவி கையில். மூன்றாவதில் பாதி நம் கையில் இருக்கிறது. சாய்வை மாற்ற முடியாவிட்டாலும், இடையிடையே வரப்புப் போட்டு நீளத்தைத் துண்டாக்கலாம். நான்காவதும் ஐந்தாவதும் முழுக்க நம் பொறுப்பு. இவை ஒன்றையொன்று பெருக்குவதால், ஒன்றைப் பாதியாகக் குறைத்தாலே மொத்த இழப்பும் பாதியாகிவிடும் என்பதுதான் இந்தக் கணக்கில் உள்ள நல்ல செய்தி.

அறுவடைக்குப் பின் தட்டையையும் சருகையும் எரிக்காமல் விட்டு, தரையில் நூற்றுக்கு 30 பங்கு மூடியிருந்தாலே அரிப்பு பாதிக்கு மேல் குறையும். மிதமான சாய்வில் உழவுசாலைச் சாய்வுக்குக் குறுக்கே திருப்பினால் மட்டுமே இழப்பு ஏறக்குறைய பாதியாகும். இதற்குப் புதிய இயந்திரம் வேண்டியதில்லை. டிராக்டரைத் திருப்பும் பொறுமை போதும். அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டு விவசாயச் சட்டம், எளிதில் அரிக்கும் நிலத்தில் பாதுகாப்புத் திட்டத்தோடு பயிர் செய்பவருக்கே அரசு உதவி என்று விதித்தது. மிகவும் பலவீனமான நிலத்தைப் புல்லுக்குத் திருப்பியவர்களுக்கு வாடகையும் தந்தது. 1982-க்கும் 2007-க்கும் இடையே நாட்டின் பயிர் நிலங்களில் மண் அரிப்பு 43 சதவீதம் குறைந்தது. முயன்றால் நடக்கும் என்பதற்கு இது சான்று.

நம் ஊரிலும் சான்று உண்டு. ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம், இதே கறுப்பு மண்ணில் நீண்டகாலப் பரிசோதனை நடத்தியது. மழைக்காலத்தில் நிலத்தை வெறுமனே போட்டு வைத்து, பிறகு பயிர் செய்யும் பழைய முறை ஒரு பக்கம். அகலப் பாத்தியும் சாலும் அமைத்து, மழைக்காலத்திலேயே பயிர் போட்டு, மிகுநீரைப் புல் வாய்க்கால் வழியே மெதுவாக வெளியேற்றும் முறை மறுபக்கம். முதல் முறையில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 6 டன்னுக்கு மேல் மண் போயிற்று. இரண்டாவதில் 2 டன்னுக்கும் கீழ். விளைச்சலும் பல மடங்கு கூடியது. மழை வரும்போது நிலம் வெறுமையாக இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

நம் பெரியவர்கள் செய்தது

இவற்றையெல்லாம் படிக்கும்போது, 'இது நம் தாத்தா செய்ததுதானே' என்ற எண்ணம் வருவது இயல்பு. வரப்பு கட்டி நீரை நிறுத்துவதும், ஓடையின் குறுக்கே கல் அடுக்குவதும், கம்போடும் சோளத்தோடும் உளுந்தையும் பாசிப்பயற்றையும் ஊடுபயிராக விட்டுத் தரையை மூடுவதும் நம் வழக்கம். அதிலும் கண்மாய் ஒரு முழுச் சுழற்சி. மேட்டிலிருந்து அரித்து வந்த மண் கண்மாயில் வண்டலாகப் படியும். கோடையில் கண்மாய் வற்றியதும் அந்தக் கரம்பையை வண்டி கட்டி ஏற்றி மறுபடி புஞ்சைக்குக் கொண்டுபோய்ப் போடுவார்கள். போன மண்ணைத் திரும்பக் கூட்டி வரும் வேலை அது. கண்மாயும் ஆழமாகும், நிலமும் கொழிக்கும். வண்டி மாடு போய், கடையில் உரம் வந்ததும் இந்தப் பழக்கம் தளர்ந்தது. தமிழக அரசு 2017-இல் ஏரி, கண்மாய் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி செய்தது நல்ல திருப்பம்.

இன்னொன்று வெட்டிவேர். ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே நம் தமிழ்ச் சொல்தான். அபிஷேகத் தீர்த்தத்திலும் கோடைக்காலப் பானைத் தண்ணீரிலும் நாம் போடும் அதே வேர். மைசூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் உள்ள குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அதை நில எல்லையில் வேலியாக நட்டு வந்தார்கள். 1980-களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் அதைக் கவனித்து, பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றார்கள். 1993-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு அதைப் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டது.

அதன் வேலை எளிது. சாய்வுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், அரை அடிக்கும் குறைந்த இடைவெளியில் தூர்களை மழைத் தொடக்கத்தில் நட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் அடர்ந்து ஒரு சுவர் போல் நிற்கும். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர் கீழே பத்தடி போகும். அதனால் பக்கத்துப் பயிரோடு சண்டை போடாது. ஓடி வரும் நீர் அந்தச் சுவரில் தடைபட்டு, நடக்கத் தொடங்கி, சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கி வைத்துவிடும். சில ஆண்டுகளில் தானாகவே ஒரு படி உருவாகும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மண்ணைக் காக்க நட்ட வெட்டிவேரை வாசனைக்காகத் தோண்டி எடுத்தால், தோண்டிய இடத்திலேயே அரிப்பு தொடங்கும். வேருக்கு வேறு பாத்தி, வேலிக்கு வேறு வரிசை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நிலம் உள்ளவர்களுக்கு

முதலில் மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள். நீர் எங்கே நுழைகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே கலங்கலாக வெளியேறுகிறது என்பது ஒரு மழையில் தெரிந்துவிடும். அமெரிக்க விவசாயத் துறையின் இலவச மண் வரைபடம் இணையத்தில் இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் மண் வகையும் சாய்வும் கிடைக்கும். மாவட்ட அளவில் மண், நீர்ப் பாதுகாப்பு அமைப்புகள் உண்டு. இயற்கை வளப் பாதுகாப்புச் சேவையின் அலுவலர்கள் நிலத்துக்கே வந்து பார்த்து ஆலோசனை சொல்வார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

புல்லை மொட்டையாக வெட்டாதீர்கள். நான்கு மாடு மேயும் இடத்தில் பத்து மாட்டை விடாதீர்கள். மெஸ்கீட்டை அகற்ற வேண்டுமானால், முழு நிலத்தையும் ஒரே நாளில் புல்டோசரால் வழித்துவிட்டு மழைக்குக் காத்திருக்காதீர்கள். பகுதி பகுதியாக அகற்றி, உடனே புல் விதையுங்கள். வெட்டிவேர் ஹூஸ்டன் பக்கத்து வெப்பத்தில் நன்றாக வரும். வடக்கே கடும் உறைபனியில் பிழைப்பது சந்தேகம். அங்கே சுவிட்ச்கிராஸ் போன்ற உள்ளூர்ப் புல்லையே வரிசையாக நடலாம். கோடைப் பயிர் முடிந்ததும் குளிர்காலத்துக்கு ஓட்ஸ், கோதுமை என்று ஏதேனும் ஒரு மூடுபயிரைத் தூவி விடுங்கள்.

வரி விஷயத்திலும் ஒரு செய்தி உண்டு. டெக்சாஸில் ஏற்கெனவே விவசாய மதிப்பீட்டில் உள்ள நிலத்தை, வனவுயிர்ப் பராமரிப்பு நிலமாக மாற்றி அதே வரிச் சலுகையைத் தொடரலாம். அதற்குச் சட்டம் சொல்லும் ஏழு வகைப் பணிகளில் குறைந்தது மூன்றைச் செய்ய வேண்டும். அந்த ஏழில் மண் அரிப்புத் தடுப்பும் ஒன்று. விவரங்களை உங்கள் மாவட்ட மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: சாலைக் குறுக்கே திருப்பினோம், மூன்று இடத்தில் புல் வரிசை விட்டோம், காலியான பாத்திகளை வைக்கோலால் மூடினோம். மூன்றாவது ஆண்டு மே மாத மழையிலும் நீர் ஓடத்தான் செய்தது. ஆனால் அதன் நிறம் மாறியிருந்தது. முன்பு காப்பிக் கலரில் போன நீர், இப்போது கழனித் தண்ணீர் போல்தான் போகிறது. வேலியின் அடிக்கம்பி மறுபடி புதையவில்லை.

ஊரில் நிலம் உள்ளவர்களுக்கு

இதுதான் நம்மில் பலருக்குக் கடினமான பகுதி. அப்பா இருந்தவரை வரப்பை அவர் பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு, 'யாராவது உழுதுகொள்ளட்டும்' என்று வாய்ப்பேச்சாக ஒருவரிடம் விட்டுவிட்டு வந்திருப்போம். அடுத்த ஆண்டு நிலம் தம்மிடம் இருக்குமா என்று தெரியாத குத்தகைதாரர் உடைந்த வரப்பை ஏன் கட்ட வேண்டும்? அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. உடைந்த வரப்பின் வழியே நீர் ஓடி, முதலில் சால், பிறகு ஓடை, பிறகு பள்ளம் என்று வளரும். அது நம் எல்லையோடு நிற்காது. கீழே உள்ள புஞ்சைக்காரர் நிலத்தையும் அறுத்துக்கொண்டு போகும். நாம் இங்கே நிம்மதியாக இருக்கும்போது, நம் பெயரில் உள்ள நிலம் பக்கத்துக்காரருக்குத் தீங்கு செய்துகொண்டிருக்கலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கல்யாணம், கோயில், கடைத்தெரு என்று போகும் நாள்களில் ஒரு காலைப் பொழுதை நிலத்துக்கு ஒதுக்குங்கள். பட்டா, சிட்டா விவரங்களை இப்போது இணையத்திலேயே பார்க்க முடிகிறது. குத்தகையை எழுத்தில், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குக் கொடுங்கள். வரப்புப் பராமரிப்புச் செலவு நம்முடையது, வேலை அவருடையது என்று அதிலேயே எழுதிவிடுங்கள். குத்தகைத் தொகையில் ஒரு பகுதியை அதற்கே விட்டுவிடலாம். சம உயர வரப்பு, பண்ணைக்குட்டை, தடுப்பணை போன்றவற்றுக்குத் தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகலாம். கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக் கரிசலுக்கென்றே ஆராய்ச்சி செய்கிறது. மலைச்சரிவில் நிலம் உள்ளவர்களுக்கு, ஊட்டியில் 1954-இல் தொடங்கிய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

கோடை உழவு போடச் சொன்னால், சாய்வுக்குக் குறுக்கே போடச் சொல்லுங்கள். கண்மாயில் கரம்பை எடுக்கும் ஆண்டில் நம் நிலத்துக்கும் பத்து வண்டி அடிக்கச் சொல்லுங்கள். விற்கத்தான் போகிறோம் என்றாலும், உடைந்த வரப்பைக் கட்டிவிட்டு விற்பதே நல்லது.

குழந்தைகளோடு செய்து பார்க்க

ஞாயிறு வகுப்பில் ஒரு மணி நேரத்தில் செய்யலாம். மூன்று பெரிய சோடா பாட்டில்களைப் படுக்க வைத்து, மேல்பக்கத்தை நீளமாக வெட்டி எடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு மண் நிரப்புங்கள். முதலாவதில் வெறும் மண். இரண்டாவதில் மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல். மூன்றாவதில் பத்து நாள் முன்பே வெந்தயமோ கம்போ விதைத்து முளைத்த மண். பாட்டில்களைச் சற்றுச் சாய்த்து, வாய்ப்பக்கம் ஒவ்வொரு டம்ளர் வையுங்கள். பூவாளியால் மூன்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். எந்த டம்ளரில் என்ன நிறத்தில் நீர் வருகிறது, எதில் முதலில் வருகிறது, எதில் குறைவாக வருகிறது என்று குழந்தைகளையே எழுதச் சொல்லுங்கள்.

பிறகு கீழ்க்கண்ட கேள்விகளைப் பேசலாம்.

1. ஐந்து காரணங்களில் எந்தெந்தவற்றை இந்தப் பரிசோதனையில் மாற்றினோம்? எவற்றை மாற்றவில்லை?

2. பாட்டிலை இன்னும் சாய்த்தால் என்ன ஆகும்? குறுக்கே ஒரு சிறு மண் வரப்பு வைத்தால்?

3. தாத்தா, பாட்டி ஊரில் நிலம் இருந்ததா? அங்கே நீர் எந்தப் பக்கம் ஓடியது? போனில் கேட்டு எழுதி வாருங்கள்.

மூன்றாவது கேள்விக்கான பதிலைப் பெரியவர்கள் சொல்லும்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரப்பு யாருடையது, எந்த ஓடை எங்கே திரும்பும், எந்த மூலையில் மண் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் பல வீடுகளில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

அடுத்த முறை நம் கோயிலில் பாலிகையில் மண் நிரப்பும்போது, குழந்தைகளை அருகில் அழைத்துக் காட்டுங்கள். அந்த முளைகள் ஒரு கைப்பிடி மண்ணை நம்பித்தான் வளர்கின்றன. நம் பொறுப்பில் உள்ள மண், இங்கே ஒரு ஏக்கரோ அங்கே ஒரு குறுக்கமோ, நாம் பெற்றுக்கொண்ட ஆழத்தோடு அடுத்தவர் கைக்குப் போக வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை.